லெய்டன் சட்டியில் மிளகு

லெய்டன், நெதர்லாந்து
ஜனவரி மாதம், வெளியே மழை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் நீங்கள் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்களோ மெஸ் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காதில் என்னையும் இன்னொரு காதில் "நாலாம் டேபிளுக்கு ஒரு சுக்கா, ஒரு குடல்" என்பதையும் சேர்த்துக் கேட்கிறவர். போன தடவை நான் என் சம்பளத்தைச் சொன்னதற்கு "எலும்பு இல்லாமக் குடுடா" என்று பதில் வந்தது. அதனால்தான் கடிதம்.

மெஸ்ஸுக்கு வருகிற காலேஜ் பையன்கள் "சாசேஜ் இருக்கா?" என்று கேட்கிறார்களாம். "நீதான் அந்த ஊர்லயே கிடக்கியே, அது என்னா ஏதுன்னு விசாரிச்சு எழுது மாப்ளே" என்றீர்கள். விசாரிக்க வேண்டியதே இல்லை. குளிர்காலம் வந்துவிட்டால் இந்த ஊரில் அதிலிருந்து தப்பிக்கவே முடியாது.

முதலில், இவர்கள் மற்ற நாளில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் சாசேஜின் மகிமை புரியும். காலையில் ரொட்டி. மதியமும் ரொட்டிதான், நடுவில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. கூடவே ஒரு டம்ளர் மோர். ஆமாம் மாமா, மோரேதான். உப்பில்லை, பெருங்காயமில்லை, ஒரு கருவேப்பிலை இல்லை. கோட்டு சூட்டுப் போட்ட ஆபீசர்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் துகளைத் தூவி, சிரிக்காமல் சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. ஆறரைக்கு யார் வீட்டுக் கதவையாவது தட்டினால் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

வந்த புதிதில் எனக்கு ஒரு சந்தேகம். இவர்கள் 1602-இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்களே, எதற்கு? மசாலாவுக்கு. 1613-இல் நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். நம் கரையில் துணியை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய், அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். ஜாதிக்காய்க்காக 1621-இல் பண்டா தீவுகளில் செய்ததைக் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. அந்த ஊர் ஜனத்தையே ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இத்தனையும் செய்து கொண்டுவந்த சரக்கு எங்கே? என் தட்டில் வேகவைத்த உருளைக்கிழங்கும் வேகவைத்த பீன்சும் இருக்கின்றன. மிளகைக் காணோம்.

நான் இருப்பது லெய்டனில் என்பதால் இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் அதிகம். ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தை எழுதிக் கொடுத்த செப்பேடுகள் கடல் தாண்டி வந்து சேர்ந்தது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குத்தான். அதனால்தான் சரித்திரப் புத்தகங்களில் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பேர். செப்பேடு வரைக்கும் மூட்டை கட்டியவர்கள் மிளகை மட்டும் விட்டுவிட்டா வந்திருப்பார்கள்?

விடை சாசேஜில் இருந்தது. மசாலாவையெல்லாம் அதற்குள் திணித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள் மாமா! மிச்சம் பாலாடைக்கட்டியில். இந்த ஊர்ப் பேரிலேயே ஒரு பாலாடைக்கட்டி உண்டு, முழுச் சீரகம் போட்டது. வடக்கே கிராம்பு போட்டதும் செய்கிறார்கள். ஜாதிக்காயை மட்டும் வெந்த காலிஃபிளவர்மேல் இரண்டு இழுப்பு துருவிக்கொள்வார்கள். மற்றபடி குழம்பு, தாளிப்பு என்று மசாலா வெளியே நடமாடுவது கிடையாது.

ரோக்வோர்ஸ்ட் என்று பேர். புகை போட்ட சாசேஜ். நாம் குடலைக் கழுவிக் குழம்பு வைக்கிறோம். இவர்கள் குடலை உறையாக்கி உள்ளே கறியை அடைக்கிறார்கள். பன்றிக் கறியை நன்றாக அரைத்து, உப்பு, மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி எல்லாம் சேர்த்துக் குடலில் நிரப்பி, இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். லாடம் போல வளைந்து நிற்கும். பிறகு ஓக் மரத்தூள், பீச் மரத்தூள் புகையில் தொங்கவிடுவார்கள். பன்றி வேண்டாதவர்களுக்கு மாட்டுக் கறியில், கோழியில், ஹலால் முத்திரையோடு எல்லாம் கிடைக்கிறது. இப்போதெல்லாம் ஆலையில் செய்து பிளாஸ்டிக்கில் அடைத்து வருவதும் உண்டு. அதை நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா கையால்கூடத் தொடமாட்டார்.

ஊர் ஊருக்கு ஹேமாவில் இதைச் சுடச்சுட விற்கிறார்கள். ஹேமா யாரென்று அத்தை கேட்பார்கள். அது கடையின் பெயர். உள்பாவாடை, பென்சில், கேக், சாசேஜ் எல்லாம் கிடைக்கும். நான் எந்த ஹேமா வீட்டிலும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இனி தொழில் விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் மாடியில், அவர் கீழே. அவர் வைக்கிற பட்டாணி சூப்புக்கு இங்கே ஸ்னெர்ட் என்று பேர். சூப் என்றதும் நம் ஆட்டுக்கால் சூப் மாதிரி டம்ளரில் ஊற்றி உறிஞ்சுவது என்று நினைத்துவிடாதீர்கள். இதைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டும்.

உடைத்த பச்சைப் பட்டாணி அரைக் கிலோ, தண்ணீர் இரண்டு லிட்டர். உடைத்த பட்டாணி என்பதால் ஊறவைக்கத் தேவையில்லை. பன்றி விலா எலும்போ முழங்கால் எலும்போ அதோடு போட்டுக் கொதி வந்ததும், மேலே வரும் நுரையைப் பொறுமையாக எடுத்துக்கொண்டே இருப்பார். நுரை எடுக்காமல் சூப் வைப்பவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடமாட்டார். அதற்கப்புறம் காய்: கேரட், லீக் என்கிற தடித்த வெங்காயத் தாள், உருளைக்கிழங்கு, செலரி வேர்க்கிழங்கு. இந்தக் கிழங்கு வேரும் மண்ணுமாய்க் கோணல் மாணலாக இருக்கும். தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளை. இது போடாமல் ஸ்னெர்ட் இல்லை. பட்டாணி கரையக் கரைய அடிபிடிக்கும். மரக்கரண்டியை அடியோடு அழுத்தி எட்டுப் போடுகிற மாதிரி கிளறுவார். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றதும் எலும்பை எடுத்துவிட்டு, கறியைப் பிய்த்துத் திரும்பப் போடுவார்.

சாசேஜ் கடைசியில்தான். அதைத் தனிச் சட்டியில், கொதிக்காத சுடுதண்ணீரில் இருபது நிமிடம்போல விட்டு வைப்பார். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் தோல் வெடித்து, கொழுப்பும் உப்பும் மசாலாவும் தண்ணீருக்குப் போய்விடும். அப்புறம் கையில் இருப்பது சக்கைதான். வெந்ததும் வட்ட வட்டமாக நறுக்கிச் சட்டியில் சேர்ப்பார். அந்தப் புகை வாசம் பட்டாணியில் இறங்கும்போது, இத்தனை நேரம் ஆஸ்பத்திரிக் கஞ்சியாகக் கிடந்தது ஒரு பண்டமாகிறது. வேறு மசாலா எதுவும் கிடையாது. சாசேஜ்தான் மசாலா.

எல்லாம் ஆனதும் தட்டை நீட்டினேன். "இன்றைக்கா?" என்றார். "நாளைக்கு!" ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்து, மறுநாள் சூடு பண்ணி, சட்டியின் நடுவில் கரண்டியை நட்டு வைத்துக் கையை எடுத்தார். கரண்டி நின்றது. சாய்ந்தால் அது ஸ்னெர்ட் இல்லையாம். பக்கத்தில் கறுப்பு ரை ரொட்டி, அதன்மேல் புகைபோட்ட பன்றிக் கொழுப்புத் துண்டு, கொஞ்சம் கடுகு விழுது. பழைய குழம்புக்கு ருசி அதிகம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மெஸ்ஸில் அது தற்செயலாக நடக்கும். இங்கே அதுவே விதி.

பதிலுக்கு நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வாசம் நன்றாக இருக்கிறது. இது எப்போது கெட்டியாகும்?" என்று கேட்டார். இந்த ஊர்க்காரர்கள் மனதில் இருப்பதை அப்படியே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நம் சொந்தக்காரர்கள் மாதிரி மண்டபத்து வாசல் தாண்டும்வரை காத்திருப்பதில்லை.

ஸ்டம்ப்பாட் என்று இன்னொன்று. உருளைக்கிழங்கோடு கேல் கீரையையும் ஒரே சட்டியில் வேகவைத்து, பால், வெண்ணெய் விட்டு மசித்து, மேலே முழுச் சாசேஜ் ஒன்றை வளைத்து வைப்பார்கள். கேல் கீரை உறைபனி பட்ட பிறகுதான் இனிக்கும். குளிரில் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. இதைச் சாப்பிடுகிற அழகைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மசியலைத் தட்டில் குவித்து, கரண்டி முதுகால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அதில் கறி வறுத்த சாற்றை ஊற்றுவார்கள். நாம் சோற்றில் பாத்தி கட்டி ரசம் விடுகிறோமே, அதே வேலை. கரை உடையாமல் ஓரத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டு வருவதில் சின்னப் பிள்ளைகளுக்குள் போட்டியே உண்டு. வங்கக் கடலோரம் நாம் அணை கட்டத் தட்டில் பழகுகிறோம்; கடல்மட்டத்துக்குக் கீழே கால்வாசி நாடு கிடக்கிற இவர்கள் பழகாமல் இருப்பார்களா?

கேரட்டும் வெங்காயமும் போட்டு மசித்தால் அதற்கு ஹுட்ஸ்பாட் என்று பேர். அது இந்த ஊருக்குக் குலதெய்வப் பிரசாதம். 1574-இல் ஸ்பானியப் படை லெய்டனை மாதக்கணக்கில் முற்றுகை போட்டது. பசியிலும் கொள்ளை நோயிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மேயர் "என் கையை வெட்டித் தின்னுங்கள், கோட்டையை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன்" என்றதாகக் கதை. கடைசியில் டச்சுக்காரர்கள் அணைக்கரைகளை வெட்டி, வயலெல்லாம் வெள்ளமாக்கி, தட்டையடிப் படகுகளில் வந்து ஊரை மீட்டார்கள். தண்ணீரைக் கண்டு எதிரி ஓட, ஒரு அனாதைப் பையன் அவர்கள் பாசறைக்குப் போய்ப் பார்த்தானாம். அடுப்பில் ஒரு பானை. உள்ளே கறியும் கேரட்டும் வெங்காயமும் சேர்ந்து வெந்த கூட்டு. உருளைக்கிழங்கு அப்போது இந்தப் பக்கம் புழக்கத்தில் இல்லை. பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கு இருந்தது. அந்தப் பானை இதுதான் என்று ஒன்றை இங்கே லாகன்ஹால் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சத்தியமாக அதுதானா என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் பாண்டவர் படுக்கையை யாராவது கேள்வி கேட்கிறோமா? வருஷா வருஷம் அக்டோபர் 3 அன்று ஊரே திருவிழா. காலையில் ஊர்க்காரர்களுக்கு ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் இலவசம். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் ஹுட்ஸ்பாட்தான். சிலர் முதல் நாள் ராத்திரியே ஆரம்பித்துவிடுவார்கள். இதற்கு மட்டும் சாசேஜுக்குப் பதில் மாட்டுக் கறியைப் பெரிய துண்டமாக வேகவைத்துப் போடுவது முறை. அவசரத்துக்குச் சாசேஜையும் வைக்கிறார்கள்; வீட்டுக்காரம்மா முகம் சுளிப்பார்.

ஜனவரி 1 அன்று ஸ்கெவனிங்கன் கடற்கரையில் ஆயிரக்கணக்கான பேர் ஆரஞ்சுக் குல்லாய் போட்டுக்கொண்டு, கத்தியபடி கடலுக்குள் ஓடி, அதைவிட வேகமாகத் திரும்பி ஓடிவருகிறார்கள். கரையில் சுடச்சுடப் பட்டாணி சூப் காத்திருக்கும். நானும் போனேன். சூப் மட்டும் சாப்பிட்டேன்.

இப்போது உங்கள் மெஸ்ஸுக்கு. சாசேஜ் வாங்கி எண்ணெயில் பொரித்துப் போடாதீர்கள். பையன்களுக்கு அது பேக்கரியிலேயே கிடைக்கிறது. இந்தப் பட்டாணி சூப்பை வையுங்கள். விலா எலும்புக்குப் பதில் ஆட்டு நெஞ்செலும்பு. செலரிக் கிழங்குக்குப் பதில் முள்ளங்கி கொஞ்சம், கொத்தமல்லித் தண்டு கொஞ்சம். சாசேஜுக்கு? அத்தையின் உப்புக்கண்டம். அதைத் தணலில் சுட்டு, தட்டி, மெல்லிசாக நறுக்கிக் கடைசியில் போடச் சொல்லுங்கள். உப்பும் புகையும் அதிலேயே வந்துவிடும். தனியாக உப்புப் போட்டால் மாஸ்டர் கெடுத்தார் என்று அர்த்தம்.

உப்புக்கண்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, பார்சலில் அனுப்பட்டுமா என்று அத்தை கேட்டார்களாம். வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கறியும் பால் சாமானும் தனி ஆள் கொண்டுவர ஐரோப்பாவில் தடை, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அத்தை கையால் செய்ததைக் குப்பையில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போர்டில் "டச்சு சூப்" என்று எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள். "பட்டாணி உப்புக்கண்ட சூப், சனிக்கிழமை மட்டும்" என்று எழுதுங்கள். கப் எண்பது ரூபாய் தாராளமாக வைக்கலாம். ஒன்றே ஒன்று: மத்தியானம் கூட்டம் ஏறும்போது மாஸ்டரைக் கூப்பிட்டு "ரெண்டு சொம்பு தண்ணி விட்டு நீட்டு" என்று சொல்லாதீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு: மெஸ்ஸில் வாழை இலையில்தான் பரிமாறுவீர்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். சூப்பை மட்டும் கப்பில் ஊற்ற வேண்டும், இலையில் விட்டால் ஓடிவிடும் என்றேன். "ஒழுங்காகச் செய்தால் ஓடாது" என்றார்.