புள்ளி விவகாரம்

0.1-ஐயும் 0.2-ஐயும் பிழையில்லாமல் கூட்டத் தெரிந்தவர் யார்?

ஆறாம் வகுப்பு மாணவர். ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் 0.30000000000000004 என்கிறது!

பைத்தானில் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2, 3.5-ஐச் செய்தால் 4. கம்ப்யூட்டருக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஓரவஞ்சனை கூடாது என்பதற்காகத்தான்! அரையை எப்போதும் மேலேயே ஏற்றினால் கூட்டுத்தொகை சத்தமில்லாமல் ஊதிவிடும். எனவே சரிபாதியில் நிற்பவர் பக்கத்து இரட்டைப்படை வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடு.

அந்தக் கணக்குப்படி 2.675-ஐ இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 2.68 வரவேண்டுமே! 2.67 வருகிறதே?

நீங்கள் கொடுத்தது 2.675. கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொண்டது 2.67499999 சொச்சம். அந்தப் பின்னம் இரும எண்ணில் முழுசாக அடங்காது. எழுதுவது பணக் கணக்கா? டெசிமல் வகையைப் பிடியுங்கள். அல்லது எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள்.

மூன்று தசம இடத்துக்கு மேல் வெட்டி எறிந்தால் குடியா முழுகிவிடும்?

பாதி முழுகியிருக்கிறது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் தொடங்கியது. மறுகணக்கு போடும் ஒவ்வொரு முறையும், ரவுண்ட் செய்யாமல், நான்காம் இடத்திலிருந்து வெட்டினார்கள். 1983 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை குறியீடு 524.811. தவற்றைத் திருத்தியதும் திங்கட்கிழமை 1098.892! ரவுண்ட் செய்தால் பிழை ஏறியும் இறங்கியும் ஓரளவு சமன்படும். வெட்டினால் இறங்குமுகம் மட்டுமே.