கூழும் மீசையும்

ஏலே தம்பி, புனே கட்கி பஜார்ல காலையில உன்னப் பாத்தேன். முக்காலிய நட்டு வச்சுட்டு, கேமராகிட்ட தனியாப் பேசிக்கிட்டே முன்னால வாரே, பின்னால போறே. அப்புறம் ஓடிப்போயித் திரையப் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே. என்னல சங்கதின்னு நானும் எட்டிப் பாத்தேன். நீ கலங்கலா நிக்கே. உனக்குப் பின்னால ஃப்ளெக்ஸ் பேனர்ல கும்பிடு போட்டுட்டுச் சிரிக்காரே தலைவர், அவரு பல்ல ஒவ்வொண்ணா எண்ணலாம்.

கேமராவுக்கு ஒரு மூஞ்சி வேணும், அம்புட்டுத்தான். உசுரோட இருக்க மூஞ்சியா, அச்சடிச்ச மூஞ்சியான்னு அதுக்கு என்ன வந்துச்சு? நீ கடையக் காட்டுதேன்னு அந்தப் பக்கம் திரும்பின நேரம் பாத்து, அது அவரப் புடிச்சுக்கிட்டு.

தப்பு அதும்மேல இல்லலே. பின்னால இருக்க ஊரு பூரா மசமசன்னு கரையணும்னு உனக்கு ஒரு ஆசை. அதுக்காக 50 மில்லிமீட்டர் லென்ஸ மாட்டி, எஃப் 1.8-ல தொறந்து போட்டிருக்கே. ஃபுல் ஃப்ரேம் கேமராவுல அப்படித் தொறந்து வச்சு, 2 மீட்டர் தள்ளி நின்னா, தெளிவா விழுத ஆழம் எம்புட்டுன்னு தெரியுமா? சுமாரா 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட முழுசா இல்ல. அதுக்குள்ள நின்னுக்கிட்டு குதிக்கவும் செய்யணும்ங்கே. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படில?

24 மில்லிமீட்டர் லென்ஸ மாட்டு. எஃப் 8-க்கு மூடு. ரெண்டரை மீட்டர்ல ஃபோகஸ வச்சு, ஆட்டோவ அணைச்சுப் போடு. ஒண்ணேகால் மீட்டர்ல இருந்து முளா ஆத்து அக்கரை வரைக்கும் தெளிவா விழும். வெளிச்சம் பத்தாதேன்னு கேப்பே. பகல்ல எடேன், யாரு வேண்டாம்னா? பின்னால ஊரு தெரிஞ்சிருமே தாத்தாம்பே. தெரியட்டுமேல! 1817-ல பேஷ்வா படையும் கும்பினிப் படையும் மோதின மண்ணு. அத அழிச்சுட்டு உன் மூஞ்சிய மட்டும் பாத்து சனம் என்னத்தக் காணப்போவுது?

லா காலேஜ் ரோட்டுல சினிமாப் பள்ளிக்கூடம் இருக்குல்லா? பிரபாத் ஸ்டூடியோ இருந்த எடத்துல 1960-ல ஆரம்பிச்சது. மட்டக்களப்புப் பக்கத்துல இருந்து வந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படிச்சது அங்கதான். அந்தத் தொழில்ல ஃபோகஸ் புல்லர்னு ஒருத்தர் உண்டு. டேப்ப இழுத்து, கேமராவுல இருந்து நடிகர் கண்ணு வரைக்கும் அளப்பாரு. தரையில கலர் டேப் ஒட்டி மார்க் வைப்பாரு. நடிகர் நடக்க நடக்க, லென்ஸ் வளையத்தத் திருகிக்கிட்டே இருப்பாரு. காட்சி நல்லா வந்தா ஒருத்தரும் அவரக் கேக்க மாட்டாவ. கலங்கிட்டா மட்டும் எல்லாருக்கும் அவரு பேரு ஞாபகத்துக்கு வந்துரும்.

அவருக்குச் சம்பளம் குடுக்க உனக்கு வக்கில்ல. நீயே நடிகன், நீயே எடுபிடி. அதனால ஒண்ணு செய்யி. நீ நிக்கப்போற எடத்துல நாற்காலியப் போட்டு, உன் மூஞ்சி உசரத்துக்கு ஒரு தொடப்பத்தக் கட்டி நிறுத்து. அதும்மேல ஃபோகஸ வச்சுப் பூட்டு. தரையில சாக்பீஸ்ல கோடு போடு. தொடப்பத்த எடுத்துட்டு நீ போயி நில்லு. தொடப்பம் நின்ன எடத்துல நிக்க வெக்கமா இருக்கோ? கலங்கி நிக்க மட்டும் வெக்கமில்லியோ?

கண்ணத் தேடிப் புடிக்க ஆட்டோஃபோகஸ் வந்திருச்சேம்பே. வந்திருக்கு, கெட்டிக்கார வேலைதான். நேராப் பாத்து நடந்து வந்தா விடாது. ஆனா பேசிக்கிட்டே வடாபாவ வாங்கி லென்ஸ் முன்னால நீட்டுதே பாரு, அப்ப அது உன் கண்ணப் பாக்குமா, வடையப் பாக்குமா? ரெண்டுக்கும் நடுவுல போயிப் போயி வரும். போன்ல இந்தத் தொல்லை கம்மி. சென்சார் சின்னதுங்கதால ஆழம் தன்னால கிடைக்கும். திரையில விரல அழுத்திப் புடிச்சா ஃபோகஸ் பூட்டிக்கிடும். ஆனா அதுல எடுத்தா பெரிய ஆளாத் தெரிய மாட்டியே!

இன்னொண்ணு கேட்டுக்கோ. கட்கியில ஒரு தோட்டா ஃபேக்டரி இருக்குல்லா, அது மதில் பக்கம் முக்காலியத் தூக்கிட்டுப் போயிராத. 1869-ல இருந்து நிக்க ஃபேக்டரி. வாசல்ல நிக்க காவக்காரன் லென்சே இல்லாம உன்னத் தெளிவாப் பாத்துருவான்.