வெயில் ஊரில் டிரையர்

கோடையில் ‘சதமடித்த ஊர்கள்’ என்று மாலைச் செய்தியில் ஒரு பட்டியல் வாசிப்பார்களே, அதில் எங்கள் திருத்தணி அடிக்கடி வரும். அந்த ஊரில், துணி காய்வதற்குக் கரண்ட் பில் கட்டும் புத்திசாலி அடியேன். ஐப்பசி மழையில் பையனின் யூனிஃபார்ம் காயவில்லை என்று மனைவி சொன்னாள். ஆஃபர் நாளையோடு முடிகிறது என்று கடைக்காரர் சொன்னார். போதாதா?

டிரையரில் லின்ட் ஃபில்டர் என்று ஒரு வலைத்தட்டு இருக்கும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் தங்கும்; ஒவ்வொரு தடவை ஓட்டியதும் வழித்துப் போட வேண்டும். கையேட்டிலேயே போட்டிருக்கிறதாம். கையேட்டைத்தான் நான் வாரன்டி அட்டையோடு பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைத்திருந்தேனே!

துணி காய வரவர நேரம் பிடித்தது. ஃபில்டர் அடைத்தால் ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சூடேறும். நான் கண்டுபிடித்த காரணம் வேறு: லோ வோல்டேஜ். முகத்தைச் சுளித்துக்கொண்டு டைமரை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டேன்.

பிளக் கதை இதைவிட மோசம். 2000 வாட் இழுக்கிற மிஷினை 16 ஆம்பியர் பாயின்டில் நேராகச் செருக வேண்டும். நானோ செல்போன் சார்ஜர் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கன்வர்ட்டர் போட்டுச் செருகினேன். கருகல் வாசம் வந்தபோது, பக்கத்து வீட்டில் மட்டமான சாம்பிராணி வாங்குகிறார்கள் என்று குறை வேறு சொன்னேன்.

கடைசியில் மெக்கானிக் தம்பி வந்தார். அம்மையார்குப்பம் பக்கம், தறிக்காரக் குடும்பம். மிஷினை நகர்த்தினால், காற்றை வெளியேற்றும் ஹோஸ் சுவரில் நசுங்கிக் கிடந்தது. பல்லி வராதிருக்க அதன் வாயில் வேட்டித் துண்டைக் கட்டியிருந்தது என் சொந்த டிசைன். உள்ளிருந்து மஞ்சள் பஞ்சு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தபோது கட்டிய வேட்டியில் பாதி அங்கேதான் குடியிருந்தது.

“சார், தறி ஷெட்டுல பீடி பத்தவச்சா எங்க தாத்தா துரத்தித் துரத்தி அடிப்பாரு. நீங்க பஞ்சைக் கொண்டுபோய் ஹீட்டர் பக்கத்துலயே சேத்துவச்சிருக்கீங்க.”

விளக்கு துடைத்த நல்லெண்ணெய்த் துணியும் இதில்தான் காய்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். துவைத்தாலும் எண்ணெய் முழுசாகப் போகாதாம். சூட்டோடு குவித்துவைத்தால், மிச்ச எண்ணெய் காற்றோடு கலந்து தானாகவே சூடேறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளலாமாம். ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சூடு ஆறுமுன் மடித்து அடுக்குவதுதான், வீட்டில் நான் பாராட்டு வாங்கிய ஒரே வேலை.

2008 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீவிபத்துகள் என்று அந்த நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்குச் சொல்லியிருக்கிறது. காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாததற்கு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பனி கொட்டுகிற ஊர்க்காரர்களுக்காவது ஒரு சாக்கு உண்டு.

இப்போது தனி பாயின்ட், புது ஹோஸ், ஆளே மாறிவிட்டேன். போன வாரம் ஃபில்டரைக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்தேன். நொடியில் காய்ந்திருக்கும். எடுத்து வரத்தான் மறந்துவிட்டேன். ஒரு லோடு துணியும் கீழே ஃபில்டர் இல்லாமலே ஓடி முடிந்திருந்தது. மெக்கானிக் தம்பி இப்போதெல்லாம் என் நம்பரைப் பார்த்தால் உடனே எடுப்பதில்லை.