ஐந்து புள்ளி ஒன்று: ஓர் அளவையியல் ஆய்வு

ஒரு பொருளை உள்ளபடி அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று என்பது சைவ சித்தாந்திகள் துணிபு. இம்மூன்றையும் கொண்டு பதி, பசு, பாசத்தையே நிறுவிய முன்னோர், வீட்டு ஹாலுக்கு ஒரு 5.1 ஆம்ப்ளிஃபயர் வாங்கும் வழியைச் சொல்லாமல் போனார்கள். அக்குறை தீர்க்க எழுந்தது இச்சிற்றாய்வு. ஆய்வுக்களம்: பன்னிரண்டுக்குப் பத்து ஹால். ஆய்வுக்காலம்: ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை. நிதி நல்கை: போனஸ்.

முதற்கண் பெயராராய்ச்சி. ஐந்தாவன முன் இடம், முன் வலம், நடு, பின் இடம், பின் வலம். புள்ளி ஒன்றாவது சப் ஊஃபர். அது முழு ஒன்றாகாதது என்னை எனின், அதன் தடம் 120 ஹெர்ட்ஸ் வரையிலான உறுமலை மட்டுமே சுமக்கும் ஆதலின் என்க. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டல் வழியாகத் தியேட்டருக்கு வந்த ஏற்பாடு இது. ஆறில் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது அந்தப் புள்ளி மட்டுமே என்பது எம் களஆய்வில் கிடைத்தது. அவரே மேலே வந்து சொன்னார்.

இனி, காண்டல் அளவை. கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது நீல விளக்கு. அடுத்தது பெட்டியின் நெற்றியில் ‘6000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்ற வெள்ளி எழுத்து. கயிற்றைப் பாம்பென்று காண்பது திரிவுக்காட்சி. இது அதன் பாற்படும். ஆர்.எம்.எஸ். என்பது பெட்டி தொடர்ந்து தரக்கூடிய சக்தி. பி.எம்.பி.ஓ. என்பதோ கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எட்டக்கூடும் என்று விற்பவர் நம்பும் உச்சம். அதை அளக்கப் பொது விதி கிடையாது. ஆகவே ஆறாயிரம் என்று போட்டவர் அறுபதாயிரம் என்று போடாமல் விட்டது அவர் அடக்கத்தைக் காட்டுகிறது. 1974-லேயே அமெரிக்காவில் இந்த வாட்ஸ் விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட்டு அரசு விதி செய்ய வேண்டியிருந்தது என்பதால், இது நம்மூருக்கு மட்டும் உரிய ஞானமன்று.

திரிவைத் தெளிவிக்கக் குளியலறைக்குப் போக வேண்டும். அங்கே 2000 வாட்ஸ் கீசர் இருக்கிறது. அதற்கே 16 ஆம்ப்ஸ் பெரிய பிளக், சுண்டுவிரல் தடிமனில் வயர். மூன்று கீசருக்குச் சமமான நம் பெட்டியோ நூல் போன்ற வயரில், டூ பின் பிளக்கில் தொங்குகிறது. 6000-ஐ 230-ஆல் வகுத்தால் 26 ஆம்ப்ஸ். அது உண்மையாயிருந்தால் முதல் பாட்டின் முதல் தாளத்திலேயே மெயின் போர்டு ஃபியூஸ் போயிருக்கும்.

தடை: வாட்ஸ் குறைந்தால் சத்தமும் குறையாதோ எனின், விடை: வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு பங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்ஸில், ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபலுக்கு மேல் தரும். அதற்குள்ளாகவே சமையலறையிலிருந்து “கொஞ்சம் குறைங்க” என்று குரல் வந்துவிடும். மிச்சமுள்ள 5999 வாட்ஸ் எதற்கு என்பது வேறோர் ஆய்வுக்குரியது.

கருதல் அளவைக்கு நூல்கள் தரும் உதாரணம், மலையில் புகை கண்டு நெருப்புண்டென அறிதல். ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை இந்த அனுமானம் பிழையற்றது. ஆனால் காலம் கடந்தது. புகைக்கு முன்பே அறியும் வழியை எடைவாதிகள் வகுத்தனர். அவர்கள் கடையில் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, “கனமா இருக்கு, நல்ல டிரான்ஸ்பார்மர்” என்பர். நெடுங்காலம் இது சரியாகவே இருந்தது. இப்போது கிளாஸ் டி போர்டும் எஸ்.எம்.பி.எஸ். சப்ளையும் வந்து, உள்ளங்கை அளவுப் பெட்டி சூடே ஏறாமல் பாடுகிறது. எடைவாதிகள் பாடு திண்டாட்டம். போதாக்குறைக்கு, அலுமினிய வைண்டிங்கைக் காப்பர் என்று விற்பவர்களும் உண்டு.

உரை அளவை எனப்படுவது ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், வாக்கு. கடைக்காரர் “ஃபாஸ்ட் மூவிங் சார்” என்றார். மச்சினர் “பேஸ் எப்படி?” என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இவை ஆப்தமல்ல. எங்கள் தெருமுனை ரேடியோ மெக்கானிக்கே ஆப்தர். ஐந்தாம் மாதம் ஊமையாகிப் போன பெட்டியைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் அதன் நெற்றியைப் பார்க்கவே இல்லை. “திருப்புங்க சார்” என்றார்.

பின்புறம், ஸ்பீக்கர் பின்களுக்குக் கீழே, நகம் அளவு ஸ்டிக்கர்: பவர் கன்சம்ப்ஷன் 60 வாட்ஸ். வாங்குவது அறுபது என்றால் கொடுப்பது அறுபதுக்கு மேல் எப்படி இருக்கும் என்றார். ஆற்றல் அழியாமை விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மூடியைத் திறந்தார். உள்ளே போர்டின் மேல் குறுக்காக ஒரு பல்லி, கருகிப்போய். பல்லி விழும் பலன் சொல்லும் சாத்திரம் தலை, தோள், முழங்கால் என்று பேசுகிறது. போர்டைப் பற்றி அதில் குறிப்பில்லை. (பலன்: ஐ.சி. நஷ்டம்.) பக்கத்திலேயே தலை உப்பிய கன்டென்சர் இரண்டு. “இது பல்லி பண்ணினதில்ல. எங்க வெச்சிருக்கீங்க?” ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவு சாத்தி, மேலே குரோஷா துணி, அதன் மேல் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை என்றேன். அவரும் தலையாட்டினார். பத்து டிகிரி சூடு குறைந்தால் கன்டென்சரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது எலக்ட்ரானிக்ஸில் வழிவழி வந்த கணக்கு.

அவர் சொன்ன இன்னொன்று என் ஐந்து மாத இன்பத்தையே ஆட்டியது. டிவியிலிருந்து நான் போட்டிருந்தது சிவப்பு–வெள்ளை வயர். அதில் போவது இரண்டு சேனல்தான். மற்றதெல்லாம் உள்ளேயிருக்கும் போர்டு தன் யூகத்தில் பிரித்துக் கொடுத்தது. நிஜமான 5.1 வேண்டுமானால் ஆப்டிகலோ, எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.யோ வேண்டும்; அதை வாங்கிப் பிரிக்கும் டீகோடரும் பெட்டியில் வேண்டும். பின் ஸ்பீக்கரில் மழை கேட்டது என்று நான் சிலிர்த்த இரவுகளில் வெளியே மழை பெய்திருக்க வேண்டும்.

முடிபு: கையில் காசு இருந்தால் கம்பெனி ரிசீவர் நன்று. ஆனால் ‘சேனலுக்கு 100 வாட்ஸ்’ என்பதன் கீழே ‘ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது, 10 சதவீதச் சிதைவில்’ என்று எறும்பெழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும். காசு குறைவென்றால் ரிச்சி தெருவில் போர்டு, டிரான்ஸ்பார்மர், கேபினட் வாங்கி அசெம்பிள் பண்ணின செட்டே மேல். 12-0-12, 5 ஆம்ப்ஸ் டிரான்ஸ்பார்மர் என்றால் 24-ஐ ஐந்தால் பெருக்கி 120. ஆறு சேனலும் அந்த 120-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எதை வாங்கினாலும் அதன் நம்பகத்தன்மை, மெக்கானிக் கடைக்கும் நம் வீட்டுக்கும் உள்ள தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும்.

பெட்டி சரியாகி வந்துவிட்டது. ஷோகேஸ் கதவைக் கழற்றியாயிற்று; பொம்மை ஃப்ரிட்ஜ் மேல். முன்னால் 6000, பின்னால் 60. சமையலறையில் மிக்ஸியின் அடியில் 750 என்று போட்டிருக்கிறது. அது ஓடும்போது வசனம் ஒன்றும் கேட்பதில்லை.