மோட்டாருக்கு மூளை வைத்த கதை

உடுமலைப்பேட்டையில் பிறந்தவன் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது. காரணம் ஜி.டி. நாயுடு. 1920இல் அவர் தம் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே. அந்த நடுவில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் எவன் ஒரு டார்ச் லைட்டைப் பிரித்தாலும் “நாயுடு கணக்கா வருவான் பாரு” என்று சொல்ல ஓர் அப்புச்சி எங்கிருந்தாவது முளைத்துவிடுவார். என் அப்புச்சியும் சொன்னார். நான் பிரித்துக்கொண்டிருந்தது அவருடைய ரேடியோ என்பது சொல்லும்போது அவருக்குத் தெரியாது.

நாயுடு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பார்கள். ஓட்டல் வேலையில் சேர்த்த காசைப் போட்டு வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கினார், அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார், மறுபடி பூட்டினார், ஏறி ஓட்டினார். இதில் பிரிக்கிற வேலை வரைக்கும் நான் அவருக்குச் சளைத்தவனில்லை. எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, மகளின் பாடும் பொம்மை எல்லாம் அதற்குச் சாட்சி. பூட்டி முடித்தபின் இரண்டு மூன்று ஸ்குரூ மிஞ்சும். மிஞ்சியதைச் சாமானின் எடையைக் குறைத்த சாதனையாக நான் எடுத்துக்கொள்வேன். வீட்டில் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

பொடக்காணியை ஒட்டி ஒரு சின்ன அறை. கல்யாணத்துக்கு முன் அதில் பருத்திக்கொட்டை மூட்டை கிடந்தது. இப்போது நான் கிடக்கிறேன். சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பிச் சுருள், மல்டிமீட்டர், பழைய பிரின்டரிலிருந்து உருவிய மோட்டார்கள், உயிர்போன சார்ஜர்கள், எந்தச் சாமானுடையது என்று சாமானுக்கே தெரியாத ரிமோட்டுகள். இவற்றில் ஒன்றைத் தூக்கிப்போட மனைவி கை வைத்தால் “இருக்கட்டும், எதுக்காவது ஆகும்” என்பேன். “ஏனுங்க, அந்த ‘எதுக்காவது’ எந்த வருசமுங்க வருது?” என்பாள். இன்னும் வரவில்லை. ஆனால் போன மாதம் பழைய இரும்புக்காரரிடம் ஒரு டிரான்ஸ்பார்மரைப் போட்ட மறுநாளே எனக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் இது நடந்திருக்கும். தெளிய விடாமல் வைத்திருப்பதும் இதுதான்.

எனக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. 2012. சென்னையைத் தாண்டி எங்கும் கரண்ட் ஒரு நாளில் பாதிக்கு மேல் இல்லாத வருசம். பழைய மொபைல் பேட்டரி, நாலு வெள்ளை எல்.ஈ.டி., ஒரு ரெசிஸ்டர். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து ஒரு விளக்குச் செய்தேன். அதன் வெளிச்சத்தில் வீடே சாப்பிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்து “எங்களுக்கு ஒண்ணு பண்ணித் தாங்க தம்பி” என்றார். அந்த அளவு மரியாதை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கரண்ட் சீரானதும் விளக்கு அட்டாலிக்குப் போனது. மரியாதையும் கூடவே ஏறிவிட்டது.

பிறகு ஆர்டுயினோ வந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், மின்னணுவியல் தெரியாத வடிவமைப்பு மாணவர்களும் வேலை செய்யட்டும் என்று உருவாக்கிய உள்ளங்கை அகலப் போர்டு அது. தெரியாதவர்களுக்கென்றே செய்தது என்று கேள்விப்பட்டதும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. வாங்கினேன். இதில் முதல் பாடம், போர்டில் இருக்கும் சின்ன விளக்கை ஒரு நொடி எரிய வைத்து ஒரு நொடி அணைப்பது. உலகம் முழுக்க எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். எனக்கும் மின்னியது. வீட்டாரை வரிசையாக நிறுத்திக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, கோயில்ல சீரியல் செட்டு இதைவிட நல்லா மின்னுதே” என்றார். அதற்குப் பின்னால் ஒரு நிரல் இருக்கிறது என்பதை விளக்கினேன். “இருக்கட்டும் கண்ணு, சோறு ஆறுது.”

இந்த அவமானத்தைத் துடைக்கத்தான் தண்ணீர்த் தொட்டியில் கை வைத்தேன்.

எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் திருமூர்த்தி அணையிலிருந்து வருகிறது. வந்து கீழ்த்தொட்டியில் விழும்; அரைக் குதிரைத்திறன் மோட்டார் அதை மாடி டேங்குக்கு ஏற்றும். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் மனைவியின் வேலை. அவள் கருவி, காது. டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் ஆழத்திலிருந்து மேலேறி மெலிந்து வருவதைச் சமையலறையில் தாளித்துக்கொண்டே கேட்பாள். வழிகிற குழாய் முதல் சொட்டு விடுவதற்குள் சுவிட்சை அமுக்கிவிடுவாள். இப்படிக் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தை நான் சீர்திருத்தப் புறப்பட்டேன்.

நான் மாட்டியது இரண்டு கண் வைத்த சென்சார். ஒரு கண் நம் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்புவதை மற்றொரு கண் பிடிக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும் என்பதால், போய் வந்த நேரத்தைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று போர்டு கணக்குப் போட்டு, வைஃபையில் என் போனுக்கும் சொல்லிவிடும். மேசைமேல் வைத்துச் சோதித்தபோது என் உள்ளங்கை, அம்மாவின் தலை, பூனை எல்லாவற்றின் தூரத்தையும் பிசகாமல் சொன்னது. பூனை நகர்ந்தபோதும் சொன்னது.

கறுப்பு டேங்குக்குள் நிலைமை வேறு. சித்திரை வெயிலில் உள்ளே ஆவி கட்டும். அந்த ஆவி சென்சாரின் முகத்தில் நீராய்க் கோத்து நின்றது. மூக்குக்கு முன்னால் துளி நின்றால், தண்ணீர் மூக்குவரை வந்துவிட்டது என்றுதானே அது நினைக்கும்? டேங்க் நிறைந்திருப்பதாக அறிவித்தது. மோட்டார் ஓடவில்லை. மாரியம்மன் தேர் நோம்பிக்கு ஒறம்பரை வந்திருந்த நேரம். தலையில் சீயக்காயோடு பெரியப்பா குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். நான் போனை எடுத்துப் பார்த்து, “தண்ணி தொண்ணூத்தெட்டு சதவீதம் இருக்குதுங் பெரியப்பா” என்றேன். அவர் உள்ளே இருந்து சொன்ன பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது.

சென்சார் பொய் சொன்ன கதை அது. ரிலே கேட்காமல் போன கதை அதைவிடப் பெரிது. போர்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் நிற்கிற மின்விசை சுவிட்சுதான் ரிலே. ‘டிக்’ என்று சத்தம் போட்டுச் சேரும், பிரியும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீல ரிலே போர்டுகள் பலவற்றுக்கும் ஒரு தலைகீழ் புத்தி உண்டு: பின்னில் வோல்டேஜ் இருந்தால் பிரியும், இல்லாவிட்டால் சேரும். ‘நிறுத்து’ என்று நான் எழுதிய இடத்தில் அது ஓட்டியது. நடுராத்திரி மோட்டார் தானாக உறுமி எழுந்தபோது, அம்மா திருநீற்றை எடுத்து மோட்டாருக்கும் பூசி எனக்கும் பூசினார். அடுத்த நாள் நிரலில் அதைத் திருப்பிப் போட்டேன். திருநீற்றுக்குத்தான் பெயர் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது பல்பு போன்ற சாதுக்களுக்கான கணக்கு. மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும்போது குடிப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட்டைக் குடிக்கும். நிற்கும்போது ஒரு பொறியைக் கக்கிவிட்டுத்தான் நிற்கும். அந்தப் பொறியில் ரிலேக்குள் இருக்கும் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டன. போர்டு ‘நிறுத்து, நிறுத்து’ என்று கத்திக்கொண்டே இருக்க, மோட்டார் ஓடியது. நாங்கள் ஒரு சீருக்காகத் தாராபுரம் போயிருந்தோம். மாடி டேங்க் வழிந்து, மொட்டை மாடியில் மாமியார் பிழிந்து காயவைத்த அரிசி வடகமெல்லாம் கூழாகி முன்போல் மாவானது. கீழ்த்தொட்டி வற்றியது. வற்றியபின்னும் மோட்டார் காற்றைக் குடித்து ஓடி, காயில் கருகி, தானாகவே நின்றது. அன்றைக்கு எங்கள் வீட்டில் தானாக நின்றது அது ஒன்றுதான்.

கோயம்புத்தூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் காயில் கட்டுகிற கடை ஒன்றாவது இருக்கும். மோட்டார் பிறந்த சீமை இது. 1937இல் நாயுடுவும் பாலசுந்தரம் என்பவரும் மோட்டார் செய்து காட்டிய பூமி. கடைக்காரர் என் மோட்டாரைத் திறந்தார், முகர்ந்தார். கருகிய வார்னிஷ் வாசனை அவருக்கு ஜாதகம் மாதிரி. “தண்ணியில்லாம ஓடியிருக்குதுங். சுச்சு ஆப் பண்ண ஆளில்லீங்ளா?” நான் ரிலே, சென்சார், வைஃபை எல்லாவற்றையும் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு காண்டாக்டர் போட்டு அதை உங்க ரிலே தட்டற மாதிரி வெச்சிருந்தா இத்தன வராதுங்” என்றார். மோட்டாரின் பளுவைத் தாங்குகிற பெரிய சுவிட்ச் அது. விவசாயிகளின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காலகாலமாக இருக்கிறது. நான் படித்த எந்தக் குறிப்பிலும் இல்லாததை ஒரே வரியில் சொல்லிவிட்டு, கருகிய செப்புக் கம்பியை எடை போட்டுத் தனியே வைத்துக்கொண்டார்.

வீட்டில் விசாரணை நடந்தது. “கோயம்புத்தூர்ல சபாபதின்னு ஒருத்தரு 1955லேயே ஆட்டுக்கல்ல மோட்டார்ல சுத்த வெச்சாருங்க. அன்னிக்கிருந்து பொம்பளைங்க கை நோகாம மாவாட்டறாங்க. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. நீங்களும் மோட்டார்லதான் கை வெச்சீங்க” என்று மனைவி நிறுத்தினாள். மிச்சத்தைச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

விலையிலும் நான் நாயுடுவுக்கு நேர் எதிர். அவர் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941இல் சொன்னவர். 1952இல் இரண்டு பேர் போகிற கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குத் தர முனைந்தவர். சில நூறு ரூபாய் மிதவை சுவிட்ச் செய்கிற வேலையைச் சில ஆயிரத்தில் செய்யப் பார்த்து, அதையும் செய்ய முடியாமல் போனவன் நான்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு மாமனார் வந்தார். தளி ரோட்டுப் பக்கம் தென்னந்தோப்பு, கொஞ்சம் மக்காச்சோளம். மும்முனை கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று தெரியாமல், டார்ச்சும் தடியுமாகப் பாம்புக்குப் பயந்து நடுராத்திரி கிணற்றுமேட்டுக்கு நடந்த தலைமுறை அவர். பழைய பட்டன் போன் ஒன்றைத் திறந்து, அது அதிரும்போது சுற்றுகிற குட்டி மோட்டாருக்குப் போகும் ஒயரை எடுத்து, ஒரு ரிலே வழியாக ஸ்டார்ட்டரில் கோத்துவிட்டார். கட்டிலில் படுத்தபடி அந்த நம்பருக்கு ரிங் விட்டால் கிணற்றில் மோட்டார் எடுக்கும். பிறகு கம்பெனிக்காரர்களே சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் விற்க வந்தார்கள். மாமா அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். இரண்டு பேஸ் மட்டும் இருக்கிற நேரத்தில் கப்பாசிட்டர் போட்டு மூன்றாவது பேஸை வரவழைக்கும் வித்தை அந்தப் பக்கத்தில் யார் யாருக்குத் தெரியும் என்பதை நான் சொல்ல மாட்டேன். காயில் சூடாகும், டிரான்ஸ்பார்மருக்கும் ஆகாது, ஈபிக்காரர் கண்டால் சும்மா விடமாட்டார்.

மாமா இதற்கெல்லாம் அறை வைத்துக்கொண்டதில்லை, யாரையும் வரிசையாக நிறுத்திக் காட்டியதுமில்லை. “தண்ணி பாயணுமில்லீங் மாப்ள” என்பார். அவ்வளவுதான்.

டேங்குக்கு எலெக்ட்ரீஷியன் வந்து மிதவை சுவிட்ச் போட்டுவிட்டுப் போனார். மூளையில்லாத சாமான், மிதக்கும், அமுக்கும். குறைவில்லாமல் வேலை செய்கிறது. ஆனாலும் தண்ணீர் ஏறும்போது மனைவியின் காது மாடிப் பக்கம் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் கருவியில் மிஞ்சியது, டேங்க் நிறைந்தால் அலறுவதற்காக வைத்திருந்த பஸ்ஸர். தெருவே கேட்கும். மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மக்காச்சோளத்தை மயில் ஒருபக்கம், காட்டுப்பன்றி ஒருபக்கம் தின்று தீர்க்கிற காலம். “இத நான் கொண்டு போகட்டுங்ளா?” எனக்குப் பேச்சே வரவில்லை. என் சாமானை ஒருவர் கேட்டு வாங்கிப் போகிறார்! அரை மணிக்கொருதரம் அலறும்படி நிரலை மாற்றி, சோலார் தகடு ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன். மாமா அதை ஒரு மூங்கிலில் கட்டிக் காட்டு நடுவில் நட்டார். முதல் வாரம் மயில் அண்டவில்லை. ஊரெல்லாம் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மூங்கில் உச்சியில், பஸ்ஸர் டப்பாவின்மேலேயே ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. டப்பா அலறியது. மயில் கழுத்தைத் திருப்பி அதை ஒருமுறை பார்த்தது. தானும் ஒருமுறை அகவிவிட்டுச் சோளத்தில் இறங்கியது. கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று மூங்கிலைப் பிடித்தேன்.

“கழட்டிராதீங் மாப்ள” என்றார் மாமா. “அதுக்கு உக்கார வாகா இருக்குதுங்.”