ரத்தக்காட்டேரியும் வாடிக்கையாளரும்: ஒரு திணை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஒரே தலைமாட்டில் இருவகை நூல்கள் அடுக்கியிருக்கக் காண்கிறோம். மேலே இருப்பது, ரத்தக்காட்டேரியைக் காதலித்த பெண்ணின் கதை. அடியில் இருப்பது, ஓட்டலிலோ கடையிலோ வேலை பார்த்தவர் தம்மிடம் வந்த வாடிக்கையாளர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதியது. இரண்டையும் ஒருவரே மாறி மாறிப் படிப்பது ஏன்? பொழுது போகத்தான் என்பர் சிலர். அப்படிச் சொல்லிவிட்டால் ஆய்வுக்கு வேலையில்லை. ஆகவே அக்கூற்று இங்கே மறுக்கப்படுகிறது.

2. கருதுகோள்

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்குக்கும் நிலம் கொடுத்தார். பாலைக்கும் பின்னால் வந்தவர்கள் ஓர் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். முதலில் நிற்கும் கைக்கிளைக்கும் கடைசியில் நிற்கும் பெருந்திணைக்கும் இன்றுவரை பட்டா இல்லை. முன்னது ஒருதலைக் காமம்; பின்னது பொருந்தாக் காமம்.

நம் கருதுகோள் இதுதான்: அமானுஷ்யக் காதல் நாவல் பெருந்திணை, வாடிக்கையாளர் சேவை பற்றிய நகைச்சுவை நூல் கைக்கிளை. நிலமற்ற இரண்டும் ஒரு தலைமாட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன.

3. பெருந்திணைச் சான்று

பெருந்திணைக்குச் சொல்லப்பட்ட குறிகளுள் ஒன்று, இளமை தீர்ந்தபின் வரும் காதல். ஸ்டெஃபனி மேயர் 2005இல் வெளியிட்ட 'ட்வைலைட்' நாவலின் நாயகன் எட்வர்ட், 1901இல் பிறந்தவன். 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தவனை ரத்தக்காட்டேரி ஆக்கிவிட்டார்கள். வயது பதினேழோடு நின்றுபோயிற்று. நூறைத் தாண்டியும் பள்ளிக்கூடம் போய் உயிரியல் வகுப்பில் உட்காருகிறான். இவனுக்கு இளமை தீர்ந்ததா இல்லையா? பிறந்த தேதியைப் பார்ப்பவர் தீர்ந்தது என்பர். முகத்தைப் பார்ப்பவர் தீரவில்லை என்பர். நாயகி பெல்லா இரண்டாம் கட்சி.

4. கைக்கிளைச் சான்று

எதிர்மொழி கிடைக்காவிட்டாலும் தானே பேசித் தானே மகிழ்வது கைக்கிளைக்கு இலக்கணம். 'வணக்கம், உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கவுன்ட்டரில் இருப்பவர் சிரித்தபடி கேட்கிறார். வந்தவர் செல்போனைப் பார்த்தபடி அட்டையை நீட்டுகிறார். இலக்கணம் பொருந்துகிறது. மகிழ்ச்சி மட்டும் இல்லை. அதற்குப் பதில் சம்பளம் உண்டு.

இந்தச் சிரிப்பும் உழைப்பே என்று 1983இல் நூல் எழுதிக் காட்டினார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டார். கடன் வசூலிப்பவர்களையும் அதே நூலில் ஆராய்ந்தார். முன்னவர்கள் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள், பின்னவர்கள் முறைப்பதற்கு.

'வெயிட்டர் ரான்ட்' நூலை 2008இல் வெளியிட்ட ஸ்டீவ் டப்லானிகா, பாதிரியார் ஆகப் படித்து, பிறகு ஓட்டலில் பரிமாறப் போனவர். பொறுமைக்கு அவ்வளவு முன்பயிற்சி தேவைப்படும் தொழில் போலும். ஸ்காட்லாந்தின் விக்டவுன் ஊரில் பழைய புத்தகக்கடை நடத்தும் ஷான் பைத்தல், 2017இல் தம் நாட்குறிப்பை நூலாக்கினார். ஒவ்வொரு நாளும் முடிகையில் கல்லாவில் விழுந்த தொகையும் வாங்கியவர்களின் எண்ணிக்கையும் பதிவாகியுள்ளன. துப்பாக்கியால் சுடப்பட்ட கிண்டில் மின்னூல் கருவி ஒன்று அவர் கடைச் சுவரில் வேட்டைக் கோப்பைபோல் மாட்டப்பட்டிருப்பதும் இவ்வாய்வுக்கு வேண்டிய தகவலே. கைக்கிளை முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

5. இரண்டும் சந்திக்கும் இடம்

சார்லெய்ன் ஹாரிஸ் 2001இல் வெளியிட்ட 'டெட் அன்டில் டார்க்' நாவலின் நாயகி சூக்கி, லூசியானாவின் சிற்றூர் ஒன்றில் மதுக்கடைப் பணிப்பெண். ஒரு நாள் பில் என்ற ரத்தக்காட்டேரி வந்து மேசையில் உட்காருகிறான். புட்டியில் அடைத்த செயற்கை ரத்தம் இருக்கிறதா என்று கேட்கிறான். ஆர்டர் போட்டிருக்கிறோம், அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறாள் சூக்கி. சரி, ரெட் ஒயின் கொடு என்கிறான் அவன். சத்தம் இல்லை, மேனேஜரைக் கூப்பிடு என்ற மிரட்டல் இல்லை. கவுன்ட்டரில் நின்ற எவரும் இவ்விடத்தில் காதல் வராமல் எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார்கள்.

அதைவிட ஆழமான காரணமும் உண்டு. சூக்கிக்குப் பிறர் மனத்தில் ஓடுவது காதில் விழும். தட்டு ஏந்திப் போகிற மேசைதோறும், வாய் சொல்வதோடு மனம் சொல்வதையும் கேட்டாக வேண்டும். அதை வரம் என்று அவள் சொல்வதில்லை, ஊனம் என்றே சொல்கிறாள். பில்லின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த நிசப்தத்தில்தான் அவள் மனம் தங்குகிறது. பகலெல்லாம் புகார் கேட்ட காது இரவில் தேடுவதும் இதையே. பெருந்திணை என்பது கைக்கிளையின் ஓய்வு நேரம் என்று துணிந்து கூறலாம்.

6. தடையும் விடையும்

ரத்தம் குடிப்பவனையும் பில்லில் தகராறு செய்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று தடை எழுப்புவார்கள். அவர்கள் 1897இல் வெளியான 'டிராகுலா'வைக் கவனமாகப் படிக்கவில்லை.

அக்கதையில் வக்கீல் ஜோனதன் ஹார்க்கர் டிராகுலா கோமகனின் கோட்டைக்குப் போவது பேய் பார்க்க அல்ல. லண்டனில் வீடு வாங்கும் கட்சிக்காரருக்குப் பத்திர வேலை முடித்துக் கொடுக்க. அங்கே வேலைக்காரர் ஒருவரும் இல்லை. கோமகனே படுக்கை விரிப்பதையும் மேசையில் சாப்பாட்டுக்கு எடுத்து வைப்பதையும் ஹார்க்கர் பார்த்துவிடுகிறார். பிறகு கோமகனின் ஐம்பது மண்பெட்டிகள் இங்கிலாந்து வந்து சேர்கின்றன. அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க விட்பி ஊர் வக்கீல்கள் லண்டன் சரக்கு நிறுவனத்துக்குச் சாவியும் 10 பவுண்டு காசோலையும் அனுப்புகிறார்கள். வேலை முடிந்ததும், சாவியை முன்கூடத்தில் வைத்துவிட்டோம் என்ற செய்தியோடு மீதி 1 பவுண்டு 17 ஷில்லிங் 9 பென்ஸ் திரும்பி வருகிறது. திகில் நாவலில் சில்லறைகூடச் சரியாக இருக்கிறது. பேய்க்கதை, சேவைத் துறையின் கோப்பிலிருந்தே பிறந்தது என்பது இதனால் பெறப்படும்.

7. முடிவும் பரிந்துரையும்

இரு நூல்வகையும் ஒரே துன்பத்தைப் பாடுகின்றன: தீராப் பசியோடு ஒருவர் வந்து நிற்க, மற்றொருவர் முகம் கோணாமல் நிற்க வேண்டும். வேறுபாடு ஒன்றே. டிராகுலா மரபில் ரத்தக்காட்டேரி, வீட்டார் அழைக்காமல் முதல்முறை வாசல்படி தாண்ட முடியாது. வாடிக்கையாளருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியிலும் குனிந்து வருவார். இவ்விடத்தில் ரத்தக்காட்டேரியே நாகரிகத்தில் மேம்பட்டது எனத் தீர்ப்பளிக்கப்படுகிறது. ஆகவே வாசகர்களே, கடை மூடும் நேரத்தில் போக நேர்ந்தால் வாசலிலேயே நின்று, 'உள்ளே வரலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நாளைக்குப் போங்கள்.