கௌப்போவின் சொத்து: ஒரு பாகப்பிரிவினை ஆய்வு

பண்டைய ரோமில் சத்திரம் நடத்தி, கூடவே சில்லறை வியாபாரமும் பார்த்தவனுக்குக் ‘கௌப்போ’ என்று பெயர். ஊரில் அவனுக்கு நல்ல பேர் கிடையாது. மதுவில் தண்ணீர் கலப்பவன் என்பார்கள். மார்ஷியல் என்ற கவிஞரின் புகாரோ நேர்மாறு. ராவென்னா நகரில் தண்ணீர் கலந்த மது கேட்டாராம். சத்திரக்காரன் கலக்காத மதுவைத் தலையில் கட்டிவிட்டானாம். அந்த ஊரில் தண்ணீருக்குத்தான் கிராக்கி. தொழிலறிவு என்றால் இதுதான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இப்பேர்ப்பட்டவன் உயில் எழுதியிருக்க மாட்டான். அவன் பெயர் ஜெர்மானியக் குடிகளின் வாயில் ஏறி, அங்கிருந்து பால்டிக் கடலையும் தாண்டியது என்பதே பெரும்பாலான மொழியறிஞர் முடிவு. வாரிசுகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியருக்கு ‘கௌஃபன்’, அதாவது வாங்கும் வேலை. டேனியருக்குத் துறைமுகம், கோபன்ஹேகன் என்றாலே வணிகர் துறைமுகம்தான். எஸ்தோனியர் ‘கௌப்’ என்று சரக்கை அள்ளினர். பின்லாந்துக்காரர்தான் கெட்டி. கடை, வியாபாரம் இரண்டையும் ‘கௌப்பா’ என்று பிடித்துக்கொண்டு, போதாதென்று ‘கௌபுங்கி’ என்று நகரத்தையே எழுதி வாங்கிவிட்டார்கள். ஹெல்சிங்கி துறைமுகத்தை ஒட்டிய ‘கௌப்பதோரி’ சந்தையில் கோடைக்காலத்தில் பச்சைப் பட்டாணியை எடை போடுவதில்லை. லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுகிறார்கள்.

ஆங்கிலேயர் பங்கு விசேஷமானது. ‘சீப்’ என்றால் முதலில் பேரம், சந்தை என்றுதான் பொருள். லண்டனின் சீப்சைடு மலிவான தெரு அல்ல, சந்தைத் தெரு. ‘நல்ல சீப்’ என்றால் நல்ல பேரம். நாளடைவில் ‘நல்ல’ உதிர்ந்து, மலிவு மட்டும் மிஞ்சியது. விலை இறங்கியதும் முதலில் கழன்று போவது ‘நல்ல’ என்பதற்கு மொழியியல் தரும் சான்று இது. மறுப்போர் ஆடித் தள்ளுபடியில் எடுத்த சட்டையை ஒருமுறை துவைத்துப் பார்க்கலாம். சரக்கைச் சுமந்து தெருத்தெருவாக விற்ற ‘சாப்மன்’ வேறு, வாலறுந்து ‘சாப்’ ஆகி, இன்று போகிற வருகிற எவனையும் குறிக்கிறான்.

ஐஸ்லாந்தார் கதைதான் பரிதாபம். சந்தை என்று பொருள்படக் ‘கௌப்திங்’ என ஒரு வங்கிக்குப் பெயர் சூட்டினார்கள். 2008 அக்டோபரில் அரசே தலையிட்டு அதைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

வாரிசுகளில் யாருக்கேனும் இப்பங்கீட்டில் மனத்தாங்கல் இருந்தால், பின்லாந்துக்காரர் மேலேயே வழக்குப் போடட்டும். கடை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.